எல்லாமே ‘சைனஸ்’ இல்லை

எங்கள் கம்போங் மேடானில் மூக்கு அடைத்தால் அதற்கு ஒரே பெயர்தான்: சைனஸ். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போட்டாலும் சைனஸ், தலை வலித்தாலும் சைனஸ், புகைமூட்டக் காலத்தில் கண் எரிந்தாலும் சைனஸ். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா இதையே ‘ரெஸ்டுங்’ என்பார். பெயர் தெரிந்துவிட்டதால் நோயும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மஞ்சள் சுட்டு முகர்வது, நொச்சி போட்டு ஆவி பிடிப்பது, கோடாலித் தைலம் தடவுவது என்று ஆளுக்கொரு வைத்தியமும் கையில் இருக்கிறது.

எனக்கு இருப்பது அந்தப் பொதுப் பெயருக்குள் ஒளிந்திருந்த ஒரு தனி நோய். ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸ் நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஓர் அறுவை சிகிச்சை, இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் உப்பு நீர் என்று சில ஆண்டுகளாக அதனோடு குடித்தனம் நடத்துகிறேன். இந்த நோய்க்கு என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தமிழில் யாராவது எனக்கு விவரமாகச் சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அனுபவித்ததையும் சொல்கிறேன். உங்களுக்கான முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

மணம் போன வீடு

2018 வாக்கில் தொடங்கியது. முதலில் இடது மூக்கு மட்டும் அடைத்தது. பிறகு இரண்டும். சளி சிந்தினால் வராது. எப்போதாவது வந்தால் மஞ்சளும் பழுப்புமாக, பசை போல இழுபட்டு வரும். கண்களுக்கு நடுவே கல்லை வைத்து அழுத்துவது போல ஒரு கனம். பழைய கிள்ளான் சாலையில் இருக்கும் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வேலை எனக்கு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில்தான் தலை அதிகமாகக் கனக்கும். கிளினிக்குக்குப் போவேன், ஐந்து நாள் கிருமிக்கொல்லி மருந்து, ஒருநாள் எம்.சி. கொஞ்சம் குறையும். அடுத்த மாதம் திரும்ப வரும்.

கொஞ்சம் கொஞ்சமாக மணம் போனது. காய்ச்சல் போல ஒரே நாளில் வந்து நிற்கும் விஷயம் இல்லை அது. முதலில் மல்லிகை போனது. பிறகு காப்பி. ஒருநாள் அம்மா பெலாச்சான் வறுத்தார். பக்கத்து பிளாட்டில் ஜன்னலை மூடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு, புளிப்பு, காரம் மட்டும் தெரியும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் கண்ணால் பார்த்துத்தான்.

இதைச் சிறிய குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கண்ணா போய்விட்டது, காதா போய்விட்டது என்று. 2020 டிசம்பரில் ஒரு மாலை, நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது ஏழு வயது மகள் சமையலறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “மா, கேஸ் நாத்தம் அடிக்குது!” சிலிண்டரின் ரப்பர் குழாய் கசிந்துகொண்டிருந்தது. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய நாற்றம் கொண்ட ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை எனக்கு வராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மணம் என்பது ருசிக்கான வசதி மட்டும் இல்லை, வீட்டுக்கான காவல் என்று வீட்டுக்காரரும் அன்று ஒப்புக்கொண்டார்.

அது கோவிட் காலம் வேறு. மணம் தெரியவில்லை என்று எந்த கிளினிக்கில் சொன்னாலும் முதலில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைதான். ஒவ்வொரு முறையும் கோவிட் இல்லை என்று வரும். இல்லை என்று வந்ததோடு பேச்சும் முடிந்துவிடும். கடைசியில் அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை மாதம், எந்தப் பக்கம், சளி என்ன நிறம், ஆஸ்துமா உண்டா, கண் பார்வை எப்படி என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஒரு ரிங்கிட் கட்டணம் கட்டி வாங்கிய அந்தக் கடிதம்தான் எனக்கு வழி திறந்தது.

நம் வட்டாரத்தில் இந்தப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா என்று இருக்கின்றன. தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் கடிதம் இருப்பது முக்கியம்.

ஐந்து அடையாளங்கள்

நிபுணர் முதலில் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்த்தார். உள்ளே உரித்த திராட்சை போலச் சதை தொங்குவதைத் திரையில் எனக்கும் காட்டினார். அதற்குப் பாலிப் என்று பெயர். பிறகு சிடி ஸ்கேன். சைனஸ் என்பது நோயின் பெயரே இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே என்று முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். என் ஸ்கேனில் இடதுபக்க அறைகளில் காற்றுக்குப் பதிலாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கண்ணை ஒட்டிய எலும்பு காகிதம் போல மெலிந்து, வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது.

இந்த நோய்க்குத் தனி அடையாளம் கிடைத்தே அதிக காலம் ஆகவில்லை. நுரையீரலில் பூஞ்சை ஒவ்வாமை வந்தவர்களிடம் காணப்படும் கெட்டிச் சளியைப் போலவே சிலரது சைனஸ் சளியும் இருப்பதை 1983-இல் கட்சென்ஸ்டைன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் விளக்கி எழுதினார்கள். 1994-இல் பெண்ட், கூன் என்ற இரு மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். பூஞ்சைக்கு ஒவ்வாமை இருக்க வேண்டும். மூக்கில் பாலிப் இருக்க வேண்டும். ஸ்கேனில் அந்தத் திட்டுகள் தெரிய வேண்டும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்த கெட்டிச் சளி இருந்தாலும் பூஞ்சை சதைக்குள் ஊடுருவியிருக்கக் கூடாது. அந்தச் சளியில் பூஞ்சை இருப்பது சோதனையில் தெரிய வேண்டும். இன்றைக்கும் மருத்துவர்கள் இந்த ஐந்தைத்தான் அடிப்படையாக வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தச் சளியை மருத்துவப் புத்தகங்கள் நிலக்கடலை வெண்ணெய்க்கு ஒப்பிடுகின்றன. எனக்கு விளக்கிய தாதி, “சத்தே குழம்பு ஆறிப்போனா எப்படிக் கெட்டியா இருக்கும், அப்படி” என்றார். இரண்டு நாள் சத்தே பக்கம் போகவில்லை என்றாலும் நன்றாகப் புரிந்தது. அவ்வளவு கெட்டியானது எந்த மாத்திரைக்கும் கரைந்து வராது என்பதும் கூடவே புரிந்தது.

வீட்டுச் சுவரில் கருப்பாகப் பூசணம் பூத்திருப்பதுதான் காரணமா என்று கேட்டேன். எங்கள் பிளாட்டில் மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் அது இல்லாமல் இருந்ததே இல்லை. மருத்துவர் நேராகப் பதில் சொன்னார். பூஞ்சையின் வித்துகள் எல்லா இடத்துக் காற்றிலும் இருக்கின்றன, எல்லோரும் சுவாசிக்கிறோம். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் நாட்பட்ட சைனஸ் நோயாளிகள் 210 பேரைச் சோதித்தபோது 96 சதவீதத்தினரின் மூக்கில் பூஞ்சை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சோதித்த ஆரோக்கியமானவர்கள் மூக்கிலும் இருந்தது! ஆகவே பூஞ்சை இருப்பது நோய் இல்லை. அதைக் கண்டு என் உடம்பு போடும் அளவுக்கு மீறிய சண்டைதான் நோய். சண்டையில் சளி கெட்டியாகிறது, பாலிப் வளர்ந்து வாசலை அடைக்கிறது, அடைத்த அறைக்குள் பூஞ்சை இன்னும் பெருகுகிறது, சண்டை இன்னும் கூடுகிறது. ஈரமும் வெப்பமும் உள்ள ஊர்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் சொட்டும் நம் ஊருக்கு இதில் விதிவிலக்கு கிடையாது. பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் இளவயதினருக்குத்தான் வருகிறது.

கருப்புப் பூஞ்சை இல்லை

‘பூஞ்சை’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2021 மே மாதத்தில். அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. இந்தியாவில் கோவிட் நோயாளிகளுக்குக் கருப்புப் பூஞ்சை வந்து, கண்ணை எடுக்க வேண்டிய நிலைமை என்று நாள் முழுக்கச் செய்தி. தமிழ்நாட்டில் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அதை அந்த மாதம்தான் அறிவித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. “எங்கிட்ட மறைக்காதம்மா, கண்ணு போயிடுமா?” என்று கேட்டார்.

இரண்டும் வேறு வேறு. கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர் நோயில் பூஞ்சை ரத்தக்குழாய்க்குள்ளும் சதைக்குள்ளும் புகுந்து அழிக்கிறது. கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வருகிறது. நாள் கணக்கில் உயிரை எடுக்கக்கூடியது. உடனே வீரியமான பூஞ்சைக்கொல்லி ஊசியும் அறுவையும் தேவை. என் நோயில் பூஞ்சை சளியோடு நிற்கிறது, சதைக்குள் போவதில்லை. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெதுவாக நகர்கிறது. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் அடைத்த சளியின் அழுத்தத்தால் எலும்பு நகர்ந்து, கண் வெளியே தள்ளலாம், பார்வையும் பாதிக்கப்படலாம். அதனால் அம்மாவிடம், “இது அது இல்லைம்மா. ஆனா விட்டுவைக்கிற நோயும் இல்லை” என்று சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அறுவை என்ற பேச்சையே எடுக்க முடிந்தது.

முதல் வழி: அறுவை

இந்த நோய்க்கு அறுவை பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. அடைத்திருக்கும் சளியை வெளியே எடுக்க வேறு வழி இல்லை. ஆனால் முகத்தில் வெட்டு கிடையாது. மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவையும் கருவிகளையும் விட்டு, பாலிப்பை அகற்றி, அறைகளின் வாசலைப் பெரிதாக்கி, உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்து, 1980-களில் உலகமெங்கும் பரவிய முறை இது. அறையின் உட்தோலை மொத்தமாகச் சுரண்டி எடுப்பதைவிட, இயற்கையான வாசலைத் திறந்துவிட்டால் சைனஸ் தானாகத் தேறும் என்பதுதான் அதன் தத்துவம்.

வீட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது. “மூக்கடைப்புக்குப் போய் யாராவது ஆப்பரேசன் பண்ணுவாங்களா?” என்றார் மாமா. மூளைக்குப் பக்கத்தில் கத்தி போகிறதே என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சைனஸ் அறைகளுக்கு ஒருபுறம் கண், மேலே மூளை, நடுவே மெல்லிய எலும்பு. ரத்தப்போக்கு, கண்ணில் பாதிப்பு, மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவது என்ற ஆபத்துகளை ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருந்தார்கள். அவை அரிதாகத்தான் நடக்கும் என்றும், செய்யாமல் விட்டால் எலும்பு மெலிவது நிற்காது என்றும் மருத்துவர் விளக்கினார். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துச் சம்மதித்தேன். கோவிட் நெருக்கடியில் அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போன காலம் அது. 2022 தொடக்கத்தில்தான் தேதி கிடைத்தது.

அறுவைக்குப் பிறகு பெரிய வலி இல்லை. மூக்கில் வைத்த பஞ்சை எடுத்தபோதுதான் உயிர் போய் வந்தது. அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று உறவினர்கள் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மருத்துவரோ, “இப்பதான் சிகிச்சை ஆரம்பம்” என்றார். உள்ளே காய்ந்த பொருக்கை வாரக்கணக்கில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எடுத்த சளியைப் பரிசோதித்ததில் அஸ்பெர்ஜிலஸ் வகைப் பூஞ்சை இருந்தது உறுதியானது.

இரண்டாவது வழி: ஸ்டீராய்டு

அறுவை வீட்டைக் காலி செய்து கொடுக்கும். திரும்பக் குப்பை சேராமல் பார்ப்பது ஸ்டீராய்டின் வேலை. அது பூஞ்சையைக் கொல்வதில்லை. உடம்பு போடும் சண்டையை அடக்குகிறது.

மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, உப்பு நீரில் கலந்து கழுவும் மருந்து என்று மூன்று வடிவம் உண்டு. மாத்திரை பற்றிய ஒரு முக்கியமான ஆய்வு நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட 24 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களே தெளிவாகத் தேறினார்கள். ஆனால் பக்க விளைவுகளும் இருந்தன என்பதை அந்த மருத்துவர்கள் மறைக்கவில்லை.

இங்கேதான் எனக்குக் குடும்பக் கணக்கு குறுக்கே வந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் நீரிழிவு. எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும். ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். பசி அதிகமாகும், தூக்கம் குறையும். நீண்ட நாள் எடுத்தால் எலும்பு பலம் இழக்கும். மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொன்னதால் காலத்தைக் குறுக்கி, சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே கொடுத்தார். வாரக்கணக்கில் எடுத்தால் திடீரென நிறுத்தக் கூடாது என்பதையும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதியே கொடுத்தார். மூன்று வாரத்தில் மூன்று கிலோ கூடியது. ஆனால் பன்னிரண்டாம் நாள் காலையில் காப்பி மணத்தது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டு அப்படியே நின்றேன். “என்னா ஆச்சு?” என்று வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘சைனஸை ஒரே வாரத்தில் விரட்டும்’ மாத்திரைகளும் ஜாமுப் பொட்டலங்களும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்த பொருள்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் குணம் தெரிவதற்கு அந்தக் கலப்படம்தான் காரணம். எவ்வளவு கலந்திருக்கிறது, எத்தனை நாள் எடுக்கலாம் என்று யாருக்கும் தெரியாது. மருந்து வாங்கினால் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுபோல, அடைப்பை உடனே திறந்துவிடும் மூக்குச் சொட்டு மருந்துகளையும் சில நாள்களுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

மூன்றாவது வழி: தினமும் ஒரு கழுவல்

எல்லாச் சிகிச்சையிலும் மலிவானதும், தினமும் கைவிடாமல் செய்ய வேண்டியதும் இதுதான். பிதுக்கும் பாட்டிலில் உப்பு நீர் நிரப்பி ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கால் வரும். யோகாவில் ஜலநேதி என்று நம்மவர்கள் செய்துவந்ததுதான். அறுவைக்குப் பிறகு வாசல்கள் திறந்திருப்பதால் நீர் உள்ளே வரை போகிறது. மருத்துவர் அளவு சொன்னபடி அதில் பியூடசோனைட் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் கலந்துகொள்கிறேன். மாத்திரையைப் போல உடம்பெங்கும் பரவாமல், தேவைப்படும் இடத்தில் வேலை செய்வதால் என்னைப் போன்ற சர்க்கரைக் குடும்பத்துக்கு இது பெரிய வரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். மிக அரிது. ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பயன்படுத்துங்கள், பாட்டிலையும் சுத்தமாக வைத்திருங்கள். எங்கள் வீட்டில் இரவே ஒரு கெண்டி கொதித்து ஆறிவிடும்.

பூஞ்சைக்கொல்லி ஏன் இல்லை?

என்னைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நோய் பூஞ்சையால் என்றால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கொடுத்தால் தீராதா? நானும் கேட்டேன். மூக்கில் பூஞ்சைக்கொல்லி விட்டுக் கழுவும் முறையை நாட்பட்ட சைனஸ் நோயாளிகளிடம் ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தன. 2006-இல் முடிவு வந்தது. வெறும் நீரைவிட அது சிறப்பாக இல்லை. இட்ரகொனசோல் மாத்திரையைத் திரும்பத் திரும்ப வரும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மூக்கில் போடும் சில ஸ்டீராய்டுகளை உடம்பு கழிக்கவிடாமல் இட்ரகொனசோல் தடுக்கும். லேசான ஸ்பிரேகூட மாத்திரை எடுத்தது போல ஏறிவிடலாம். அதனால் வேறு கிளினிக்கில் பூஞ்சை மருந்து எழுதினால், நீங்கள் என்ன ஸ்பிரே பயன்படுத்துகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒவ்வாமை ஊசி என்பது வேறொரு வழி. எந்தப் பூஞ்சை ஆகாதோ அதையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, உடம்பைப் பழக்குவது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அறுவைக்குப் பிறகுதான் செய்வார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கடைசியாக வந்திருப்பவை உயிரியல் மருந்துகள். ஒவ்வாமைச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியைப் பிடித்து நிறுத்தும் ஊசிகள். டுபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2019-இல் மூக்குப் பாலிப் உள்ள நாட்பட்ட சைனஸ் நோய்க்கு அனுமதி தந்தது. ஒமலிசுமாப், மெபோலிசுமாப் அடுத்தடுத்து வந்தன. பாலிப் சுருங்குகிறது, மணமும் பலருக்குத் திரும்புகிறது. ஆனால் டுபிலுமாப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பலாம். விலை ஒரு குமாஸ்தா சம்பளத்தில் தாங்காது. அறுவையும் ஸ்டீராய்டும் செய்தும் அடங்காதவர்களுக்கு, கூடவே கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் அர்த்தம் உண்டு.

திரும்பி வரும் விருந்தாளி

2024-இல் நோய் திரும்பியது. எனக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. ஆறு மாதப் பரிசோதனையில் கேமராவில் சின்னப் பாலிப் தெரிந்தது. மறுபடி கத்தியா என்று மனசு சோர்ந்துபோனது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் ஒரு குறுகிய ஸ்டீராய்டு மாத்திரைச் சுற்றோடும், கழுவும் மருந்தைக் கூட்டியதோடும் அடங்கியது. தொந்தரவு வரும் வரை காத்திருந்தால் அறுவை அறைக்குத்தான் போயிருக்க வேண்டும். இந்த நோயில் பரிசோதனை தேதியைத் தவறவிடாமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்தான் செலவு. அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் கொமுட்டருக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவே.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒழுகிய குழாயைச் சரி செய்தோம். துணியை அறைக்குள் காயப்போடுவதில்லை. ஏர்கோன் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுகிறோம். புகைமூட்டம் வந்தால் ஜன்னல் மூடி இருக்கும். சாம்பிராணிதான் பெரிய பேச்சுவார்த்தையாக இருந்தது. வெள்ளிக்கிழமை புகை போடாமல் அம்மாவால் இருக்க முடியாது. அந்தப் புகையில் என்னால் இருக்க முடியாது. இப்போது வாசலுக்கு வெளியே நடைபாதையில் போடுகிறார், நான் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கம் போகிறேன். இவையெல்லாம் நோயைத் தீர்ப்பதில்லை. எரிச்சலைக் குறைக்கின்றன. சமையலறையில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் மாட்டியிருக்கிறோம். மணம் தெரியாதவர் இருக்கும் எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும்.

எப்போது அவசரமாகப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண் முன்னே தள்ளினால், கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், கடுமையான தலைவலியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பரிசோதனை தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு மேல் மூக்கடைப்பு, மணம் குறைவது, பசை போன்ற பழுப்புச் சளி, அடிக்கடி கிருமிக்கொல்லி சாப்பிட்டும் திரும்ப வருவது என்று உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், “எனக்கு சைனஸ்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “என்ன வகை, ஸ்கேன் தேவையா, பாலிப் இருக்கிறதா, ஒவ்வாமைச் சோதனை செய்யலாமா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டீராய்டு எழுதினால் உங்கள் சர்க்கரையைப் பற்றிச் சொல்லுங்கள். அறுவை என்றால் அதற்குப் பிறகு என்ன என்று கேளுங்கள்.

எனக்கு மணம் முழுதாகத் திரும்பவில்லை. காப்பி தெரிகிறது, கறிவேப்பிலை தாளித்தால் தெரிகிறது, மல்லிகை சில நாள் மட்டும். தீர்ந்துவிட்டது என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை, இனிச் சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. நீரிழிவோடு அப்பா முப்பது ஆண்டுகளாக ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருக்கிறார். அந்த ஒழுங்கு எனக்கும் வரும் என்று நம்பி, இரவு தோறும் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறேன்.